கிராம சபையில் பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டுமென்றால்

கிராம சபையில் பேசக் கட்சிப் பொறுப்பு வேண்டாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அந்தச் சபையின் உறுப்பினர். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தமும், அதையொட்டி வந்த 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கொடுத்த உரிமை அது. ஆண்டுக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச்சும் நவம்பரும் பின்னால் சேர்ந்தவை. தேதி சில சமயம் தள்ளியும் போகும். 2024-இல் நவம்பர் 1-ஆம் தேதிக் கூட்டம் தீபாவளியை ஒட்டி வந்ததால் 23-ஆம் தேதிக்குப் போனது.

உரிமை இருந்தும் நடப்பது வேறு. பத்து பேர் ஒரே நேரத்தில் எழுந்து கத்துவார்கள், தலைவர் “பார்க்கலாம், பார்க்கலாம்” என்பார், டீ வரும், கூட்டம் கலையும். சாயந்திரம் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து செயலர் தீர்மானங்களை எழுதுவார். அடுத்த கூட்டத்தில் “போன தடவையே சொன்னோமே” என்று கேட்டால், “பதிவுல ஒண்ணும் இல்லையே” என்று பதில் வரும். அது பொய்யும் இல்லை. கத்தியது எவ்வளவு நியாயமாக இருந்தாலும், எழுதாத வரை அரசாங்கத்தின் கண்ணில் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை.

ஆகவே மைக்கைப் பிடிப்பதற்கு முன்பே, அந்தப் புத்தகத்தில் எந்த ஒரு வரி ஏற வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மரியாதையாகப் பேசச் சொல்வதும் இதற்காகத்தான். எழுதுகிறவர் கையை நிறுத்தி, நீங்கள் சொன்னதை எழுத வைக்க வேண்டும். திட்டு வாங்குகிற ஆள் பேனாவை மூடிவிடுவார்.

ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள்

கூட்ட அறிவிப்பு ஏழு நாளைக்கு முன் வர வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருப்பார்கள், இல்லையென்றால் செயலரிடம் கேளுங்கள். அறிவிப்போடு கூட்டப் பொருள் பட்டியலும் இருக்கும். அதை போனில் படம் பிடித்து வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள். உங்கள் பிரச்சினை எந்தப் பொருளின் கீழ் வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. தண்ணீர் என்றால் குடிநீர் என்ற பொருளின்போதே எழுந்திருக்க வேண்டும். “இதர பொருள்கள்” வரும்வரை காத்திருந்தால் பாதிக் கூட்டம் எழுந்து போயிருக்கும், கூட்டத்தைப் பார்வையிட மேலே இருந்து வந்த அதிகாரியான பற்றாளரும் பையைத் தோளில் மாட்டியிருப்பார்.

பட்டியலில் உங்கள் விஷயம் இல்லையென்றால், கூட்டத்துக்கு மூன்று நான்கு நாள் முன்பாகவே தலைவருக்கு ஒரு பக்க மனு கொடுங்கள். நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பி.டி.ஓ.). அங்கே இரண்டு பி.டி.ஓ. இருப்பார்கள், உங்களுக்கு வேண்டியவர் ‘கிராம ஊராட்சி’ பார்ப்பவர். உங்கள் கைப்பிரதியில் “பெற்றுக்கொண்டேன்” என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தயங்கினால் சண்டை வேண்டாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை மனுவோடு சேர்த்துப் பின் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இது யாருடைய வேலை என்று பிரித்துப் பாருங்கள். தெருவிளக்கு, குடிநீர், வடிகால், குப்பை, ஊராட்சிச் சாலை, வீட்டு வரி இவை ஊராட்சியின் கையில் இருப்பவை. பட்டா வருவாய்த் துறை, டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியம், மாநில நெடுஞ்சாலையில் வேகத்தடை நெடுஞ்சாலைத் துறை. இரண்டாவது வகைக்குச் சபை உத்தரவு போட முடியாது, “கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்றுதான் தீர்மானம் போடும். இதைத் தெரியாமல் பட்டாவுக்காகத் தலைவரை அரை மணி நேரம் வறுத்தெடுப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவருக்கு அதில் அதிகாரமே கிடையாது. வீணாவது சபையின் நேரம்.

பணம் எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்திருந்தால் பேச்சின் எடையே வேறு. கிராம ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்குகள்: கணக்கு எண் 1 பொது நிதி, எண் 2 மின்கட்டணம், குடிநீர் வாரியக் கட்டணம் கட்ட ஒதுக்கியது, எண் 3 திட்ட நிதி. மத்திய நிதிக்குழு மானியத்திலும் கட்டுப்பாடு உண்டு. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை தந்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே. மீதி 40 சதவீதம்தான் மற்றதற்கு. “பணம் வந்துச்சே, ஏன் ரோடு போடல?” என்று கேட்டு, “அது தண்ணிக்கு வந்த பணங்க” என்ற ஒரே பதிலில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் வந்தவர்கள்.

பார்த்து, அளந்து, எழுதி வையுங்கள்

ஒரு தெருவுக்குக் குடிநீர் சரியாக வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். “எங்க தெருவுக்குத் தண்ணியே வரல” என்று எழுந்தால், “நேத்துகூட வந்துச்சே” என்று எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அதோடு முடிந்தது. அளவோடு சொன்னால் அப்படி மடக்க முடியாது.

ஏழு நாள், ஒரு நோட்டு. எத்தனை மணிக்குத் தண்ணீர் திறந்தது, எத்தனை மணிக்கு நின்றது, தெருவின் முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் எத்தனை குடம் கிடைத்தது. ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய 15 குடம். கடைசி வீட்டில் ஆறு குடம்தான் கிடைத்தது என்றால் ஆளுக்கு 22 லிட்டர் சொச்சம், பாதிகூட இல்லை. 40 வீடு, 160 பேர் என்றால் தெருவுக்கு மொத்தத் தேவை 8,800 லிட்டர். இந்த நாலு எண்கள் ஒரு சீட்டில் இருந்தால் போதும்.

தொட்டியையும் பார்த்துவிடுங்கள். மேல்நிலைத் தொட்டியில் கொள்ளளவு எழுதியிருக்கும், கடைசியாகச் சுத்தம் செய்த தேதியும் எழுதியிருக்க வேண்டும். குளோரின் கலப்பதாகச் சொன்னால், 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். இதைச் சொல்லிக் கேட்டால், கேட்கிறவர் விஷயம் தெரிந்தவர் என்பது மேடைக்குப் புரிந்துவிடும்.

பிறகு டேங்க் ஆபரேட்டரிடம் போய்ப் பேசுங்கள். சபையில் முதல் அடி விழுவது அவர் மேல்தான், ஆனால் பெரும்பாலும் தப்பு அவருடையது இல்லை. கேட் வால்வு பழுதாகி மூன்று மாதமாகியிருக்கும், மோட்டார் காயில் எரிந்திருக்கும், அல்லது மேட்டுப் பக்கத்து வீடுகளில் குழாயிலேயே மோட்டார் மாட்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். காரணம் தெரியாமல் அவரைச் சபையில் நிறுத்தி வைத்துக் கேட்டால், குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒருவர் ஊர் முன்னால் கூனிக் குறுகுவார். வால்வு அப்படியே இருக்கும்.

இந்த இடத்தில்தான் மனசாட்சி உள்ளே வருகிறது. உங்கள் வீட்டுக் குழாயிலும் மோட்டார் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு வாருங்கள். கழற்றாமல் பேசினால் யாராவது ஒருவர் அதைச் சொல்லியே தீருவார். யாரும் சொல்லாவிட்டாலும் பேச்சில் அந்தத் தயக்கம் தெரியும்.

எழுந்திருப்பதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை

நான் சொல்லப்போவதில் எது கண்ணால் பார்த்தது, எது காதில் விழுந்தது? இரண்டையும் கலக்காதீர்கள். “சாலையின் கனம் இரண்டு அங்குலம்கூட இல்லை, பெயர்ந்த இடத்தில் நானே அளந்தேன்” என்பது சாட்சியம். “இதுல அஞ்சு லட்சம் அடிச்சிட்டாங்களாம்” என்பது வதந்தி. முதலாவதற்குச் செயலர் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் காட்டிப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவதற்கு அவர் கோபப்பட்டால் போதும், பதிலே வேண்டாம். சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. ஆதாரமில்லாமல் ஒருவரைப் பெயர் சொல்லித் திருடன் என்றால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356-இன் கீழ் அவதூறு வழக்குப் போடலாம். அதிகாரியின் சட்டையைப் பிடித்தால் பிரிவு 132, வேலை செய்யவிடாமல் வழிமறித்தால் 221. உண்மையான கேள்வியோடு வந்தவர் இந்தப் பிரிவுகளில் மாட்டி, கடைசியில் கேள்வியையே விட்டுவிடுவதுதான் இதில் பெரிய நஷ்டம்.

எனக்கு இதில் என்ன ஆதாயம்? இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். “இந்த ரோடு போட்டா எங்க வயலுக்கும் வழி கிடைக்கும், அதை மறைக்கல. ஆனா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களும் இந்த வழியாத்தான் போகுது.” நீங்களே சொன்னதை வைத்து உங்களை யாரும் மடக்க முடியாது.

இதே தப்பை எங்கள் கட்சிக்காரர், எங்கள் சாதிக்காரர், என் மாமன் மச்சான் செய்திருந்தால் எழுந்திருப்பேனா? கடினமான கேள்வி இதுதான். நீர்நிலை ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசும்போது சித்தப்பாவின் களத்துமேடும் பட்டியலில் வரும். வராத மாதிரி பேசுவதைவிடப் பேசாமலே இருப்பது மேல். பட்டியலை முழுசாக வாசித்துவிட்டு, முந்தின நாளே வீட்டில் போய், “சித்தப்பா, நாளைக்கு நம்ம இடத்தையும் சேர்த்துத்தான் சொல்லப் போறேன், சபையில கேட்டுட்டு கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட வேண்டும். கோபம் வரும். ஆனால் பத்து வருஷத்துக்கு நீங்கள் எழுந்தால் ஊர் காது கொடுக்கும்.

கூட்டத்துக்கு வராதவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஒதுக்குப்புறத் தெருக்களிலிருந்து ஆள் வரவில்லையென்றால் ஏன் என்று கேட்க வேண்டியது சபைதான். கூட்டத்தை எந்த மதத்தின் வளாகத்திலும் நடத்தக் கூடாது, ஒவ்வொரு குக்கிராமத்திலும் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்பது விதி. கோயில் மண்டபத்தில் பந்தல் போட்டால் சிலர் தெருவிலேயே நின்றுவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். அடுத்த கூட்டம் இன்ன தெருவில் என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லலாம். அந்தத் தெருவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தே எடுப்பதாக 2025-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மேடைப் பேச்சிலும் அதை விட்டுவிடலாம்.

பேசும் அந்த இரண்டு நிமிடம்

இரண்டு நிமிடம்தான் கணக்கு. மூன்றாவது நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச ஆரம்பித்துவிடுவார். பெயர், வார்டு, எந்தப் பொருள் என்று தொடங்குங்கள். பிறகு இருப்பது என்ன, வேண்டுவது என்ன, எழுத வேண்டியது என்ன. இந்த வரிசையில்:

“தலைவர் அம்மாவுக்கு வணக்கம். நான் மூணாவது வார்டு, கிழக்குத் தெரு. ரெண்டாவது பொருள், குடிநீர். எங்க தெருவுல 40 வீடு. போன வாரம் ஏழு நாள்ல மூணு நாள்தான் தண்ணி வந்துச்சு, கடைசி வீட்டுக்கு ஆறு குடம். கணக்கு எழுதின நோட்டு இந்தா இருக்கு. தெரு முனையில கேட் வால்வு பழுது, ஆபரேட்டர் அண்ணனும் அதைத்தான் சொல்றாரு. வால்வை அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள மாத்திக் கொடுக்கணும். இதைத் தீர்மானமா எழுதிக்கணும்னு கேட்டுக்கிறேன்.”

மொத்தமே ஐம்பது சொல் சொச்சம்தான். இதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் தட்டிக்கழிக்கவும் வழியில்லை. இதையே “மூணு மாசமா கண்ணு தெரியலையா உங்களுக்கு? ஓட்டு வாங்குறப்ப மட்டும் தெரு தெரிஞ்சுதா?” என்று தொடங்கினால் கைதட்டல் கிடைக்கும். தலைவரின் ஆட்கள் எழுவார்கள், போன தேர்தல் கதை வரும், வால்வைப் பற்றி அதற்கு மேல் ஒருவரும் பேச மாட்டார்கள்.

மேடையைப் பார்த்துப் பேசுங்கள், எதிராளியைப் பார்த்து அல்ல. தலைவர் பெண்ணாக இருந்தால் அவரிடமே பேசுங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்றாகிவிட்டது, ஆனாலும் பக்கத்து நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்து பதில் சொல்வது பல ஊரில் நின்றபாடில்லை. அவர் பதில் சொன்னால், “அண்ணே, தலைவர் அம்மா சொல்லட்டும், அவங்க சொன்னாத்தான் பதிவு ஆகும்” என்றால் போதும். அதில் அவமதிப்பு இல்லை, நடைமுறையும் சரியாகிவிடும். தலைவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரானால் நாற்காலி எங்கே போட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் நாடு முழுக்கப் பரவியது. அப்படி ஒன்று கண்முன் நடந்தால் உங்கள் வால்வுக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைப் பற்றி எழுந்திருங்கள்.

குறுக்கே பேசுகிறவரை என்ன செய்வது? நிறுத்துங்கள். அவர் முடிக்கட்டும். பிறகு “மாமா சொன்னதையும் தனியாப் பதிவு பண்ணுங்க. நான் கேட்டது வால்வு” என்று விட்ட இடத்துக்கே திரும்புங்கள். “நீ யாருடா கேக்க?” என்று வந்தால் “வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்குங்க, அதான் கேக்குறேன்” என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். குடித்துவிட்டு வந்தவரோடு வாதம் கூடாது, அவரை வெளியே கூட்டிப்போக அவர் சொந்தக்காரரையே கேளுங்கள். சாதிப் பெயரைச் சொல்லி யாராவது ஏசினால் அது வெறும் மரியாதைக் குறைவு இல்லை, பட்டியல் சாதியினருக்கு எதிரானது என்றால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். பதிலுக்கு ஏசாமல், சொன்ன சொல்லையும் நேரத்தையும் சாட்சி இருவரின் பெயரையும் அங்கேயே எழுதி வையுங்கள்.

“பார்க்கலாம்” என்ற பதில் எல்லாக் கூட்டத்திலும் வரும். அதற்கு மறுப்பும் சொல்லாதீர்கள், நன்றியும் சொல்லாதீர்கள். “சரிங்கம்மா, பார்க்கறதுக்கு ஒரு தேதி போட்டு எழுதிக்கலாமா?” என்று கேளுங்கள்.

செல்போனில் பதிவு செய்வதானால் தொடக்கத்திலேயே எல்லார் முன்னும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முழுக் கூட்டத்தையும் பிடியுங்கள். முப்பது விநாடிச் சண்டையை வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டால் அடுத்த கூட்டத்துக்குப் பெண்கள் வர மாட்டார்கள்.

எழுதும்போது பக்கத்தில் இருங்கள்

முதலில் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். அத்தனை பேர் இல்லாமல் போட்ட தீர்மானத்தைப் பிறகு யாராவது செல்லாது என்பார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது இடையில் வெற்று வரிகள் விட்டிருந்தால் கோடு போட்டு அடைக்கச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து வாங்கும் கையெழுத்தைக் கொடுக்காதீர்கள். வராத கூட்டத்துக்கு வந்ததாகக் கையெழுத்திட்டால், அன்று எழுதிய எல்லாவற்றுக்கும் நீங்களும் உடந்தை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடம்தான் இப்படி அதிகம் கேட்பார்கள். மறுக்க அவர்களுக்குப் பயம் இருக்கும், நீங்கள் கூடவே நின்று மறுங்கள்.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போவது நல்லது. செயலருக்கு வேலை மிச்சம், உங்களுக்குச் சொல் மாறாது:

“3-வது வார்டு கிழக்குத் தெருவில் உள்ள 40 வீடுகளுக்கு நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் குடிநீர் வழங்கும் பொருட்டு, தெரு முனையில் பழுதடைந்துள்ள கேட் வால்வை செப்டம்பர் 15-க்குள் மாற்றுவதென்றும், செலவினத்தை நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கான பகுதியிலிருந்து மேற்கொள்வதென்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.”

இடம், அளவு, தேதி, பணம். இந்த நாலில் ஒன்று விட்டுப்போனாலும் தீர்மானம் நொண்டும். தேதி இல்லாத தீர்மானம்தான் அதிகம். “ஆவன செய்ய” என்று முடிந்தால் ஒன்றும் நடக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலைவதற்கு முன் தீர்மானங்களை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் உடன்படாத தீர்மானம் ‘ஏகமனதாக’ என்று எழுதப்பட்டால், “எனக்கு இதுல சம்மதம் இல்ல, என் மறுப்பைப் பேரோட எழுதுங்க” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. இதற்குக் குரலை உயர்த்தவே வேண்டாம். தனியாக ஒருவர் எழுந்து இதைச் சொல்லிவிட்டு உட்காருவது பத்து பேர் வெளிநடப்பு செய்வதைவிட வலுவானது. வெளிநடப்பு செய்தவர் பெயர் புத்தகத்தில் இருக்காது.

தேர்தல் நடக்காமல் தலைவர் இடத்தில் தனி அலுவலர் இருக்கும் காலத்திலும் இதெல்லாம் அப்படியே பொருந்தும். பல ஊராட்சிகளுக்கு ஒருவரே பொறுப்பு என்பதால் அவர் அவசரத்தில் இருப்பார். எழுதிய தாள் அங்கே இரட்டிப்பாகப் பயன்படும்.

ஊருக்கு மேலான விஷயம் என்றால்

சுரங்கம், விமான நிலையம், மதுக்கடை, தொழிற்பேட்டை. இவற்றில் சபை முடிவெடுப்பதில்லை, ஆனால் சபை பேசலாம். 2024 நவம்பரில் மதுரை மேலூர்ப் பகுதியில் 2015.51 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு அறிவிக்கப்பட்டபோது, அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்கள் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. அரிட்டாபட்டி 2022-இலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பது அவர்கள் கையில் உறுதியான ஆதாரமாக இருந்தது. ஊர்வலம், சட்டமன்றத் தீர்மானம் எல்லாம் சேர்ந்து 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரமோ 2022 ஆகஸ்ட் 15 தொடங்கி பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராகத் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டும், நிலம் எடுக்கும் வேலை நிற்கவில்லை. தீர்மானம் போட்டால் தானாக எல்லாம் நின்றுவிடும் என்று ஊரில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது நாளை நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தையிலும் காட்ட ஒரு சான்று.

இப்படிப்பட்ட கூட்டத்தில் கட்சித் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள், உங்கள் கட்சியினரையும் சேர்த்து. பேச்சு டெல்லிக்கும் சென்னைக்கும் போகும் முன் ஊரின் ஏரி, கிணறு, வீடு எத்தனை என்பதில் நிற்க வேண்டும். எத்தனை ஏக்கர் நஞ்சை போகும், எந்தக் கண்மாயின் வரத்துக் கால்வாய் அடைபடும், எத்தனை குடும்பம் இடம்பெயரும். திட்டம் வேண்டும் என்கிற நாலு பேர் ஊரில் இருப்பார்கள், வேலை கிடைக்கும் என்று நம்புகிற இளைஞர்கள்தான் பெரும்பாலும். அவர்களையும் மைக்கில் பேசவிட்டு, அந்தக் கருத்தையும் பதிந்துவிட்டுத் தீர்மானத்தை வாக்குக்கு விடுங்கள். அவர்களை ‘விலைபோனவர்கள்’ என்றால், ஊரைப் பிரிக்க நினைக்கிறவர்களுக்கு நீங்களே வேலை செய்து கொடுத்தவராவீர்கள்.

கூட்டம் முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் தீர்மான நகல் கேட்டு எழுதுங்கள். கொடுக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு. பதில் வர 30 நாள். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் பிரிவு 6(3)-இன்படி அவர்களே ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். மனுவில் “ஏன் செய்யவில்லை” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. “15.8 அன்று நடந்த கிராம சபையின் தீர்மானங்களின் நகல், வருகைப் பதிவேட்டின் நகல்” என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

நகலோடு பி.டி.ஓ. அலுவலகம், அங்கே நகராவிட்டால் மாவட்டத்தில் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்), திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். ஒவ்வொரு இடத்திலும் மனு எண் வாங்குங்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள், ஊரே திரண்டு போக வேண்டியதில்லை.

அடுத்த கிராம சபையில் முதல் பொருளுக்கே எழுந்து, போன கூட்டத் தீர்மானங்களின் மேல் எடுத்த நடவடிக்கையை வாசிக்கச் சொல்லுங்கள். வால்வு மாற்றியிருந்தால் அதையும் எழுந்து சொல்லி, எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மாற்றியும் கடைசி வீட்டுக்கு இன்னும் ஆறு குடம்தான் வருகிறதென்றால், மறுபடி ஏழு நாள் நோட்டு.